வடை சுற்றிய கணக்குத் தாள்

(கொழும்பில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் வழியில் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கினேன். சுற்றித் தந்த கொப்பித் தாளில் ஒரு பிள்ளை மூன்றிலொன்றையும் நாலிலொன்றையும் கூட்டி, ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தது. ஆசிரியர் சிவப்பு மையில் பிழை போட்டிருந்தார். கணக்கைத் திருத்தலாம், எண்ணெய் ஊறிய அந்தத் தாளை இனி எந்த மீள்சுழற்சி ஆலையும் எடுக்காது.

"இனி ஆர் கடதாசி பாவிக்கினம்?" என்று கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போனது, கடதாசி இறக்க டொலர் இல்லாததால். தேவை குறைந்து அல்ல. செய்தித்தாள் உலகெங்கும் சுருங்குகிறது, சரி. ஆனால் புறக்கோட்டையில் நாட்டாமிகள் தள்ளும் வண்டிகளைப் பாருங்கள், தலைக்கு மேலே மட்டைப்பெட்டி! வாசிக்கும் கடதாசி இறங்க, பொதி கட்டும் கடதாசி ஏறியிருக்கிறது.

அந்த மட்டையில் பெரும்பங்கு பழைய கடதாசியிலிருந்து வருவதுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுகும். ஐந்து, ஏழு தடவைக்குப் பிறகு பிடிப்பே இராது, புது நார் சேர்த்தாக வேண்டும், அது பெரும்பாலும் மரத்திலிருந்துதான். பழைய கடதாசியே போதும், மரமே வேண்டாம் என்பது அரைக் கதை.

"மரத்துக்குப் பதிலாக வைக்கோல் இருக்கிறதே?" என்பீர்கள். வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1950களில் வைக்கோலை நம்பித்தான் எழுந்தது. எனக்கும் அந்த ஆலைமேல் ஒரு பாசம் உண்டு. ஆனாலும் வைக்கோல் லேசுப்பட்டதல்ல. மரக்கூழ் ஆலைகளில் மரத்தை அவித்து மிஞ்சும் கறுப்புத் திராவகத்தை எரித்து நீராவி எடுப்பார்கள், இரசாயனத்தையும் மீட்பார்கள். வைக்கோலில் சிலிக்கா அதிகம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதுபோல அது குழாய்களில் படிந்துவிடும். மீட்கமுடியாத திராவகத்தைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறோ களப்போ நாறும். மரம் வெட்டவில்லை என்பதால் மட்டும் ஒரு தாள் சுத்தமாகிவிடாது.

என்னைக் கேட்டால், கையிலுள்ள நாரை எத்தனை சுற்று ஓடவைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். எங்கள் ஒழுங்கைக்குப் பழைய பேப்பர் எடுக்க வருபவருக்கு இது நன்றாகத் தெரியும். தராசில் கொழுவமுன் கட்டை அவிழ்த்து நடுவில் கைவிட்டுப் பார்ப்பார். ஈரமென்றால், "நாளைக்குக் காயவைத்துத் தாங்கோ" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.