11 வயதில் ஹார்வர்ட் போன பையன் ஏன் டிராம் டிக்கெட் சேர்த்தான்?

1910 ஜனவரி, ஹார்வர்ட் பல்கலைக்கழகம். நான்கு பரிமாண வடிவங்களைப் பற்றி ஒருவர் பேசுகிறார், கேட்பவர்களில் பேராசிரியர்களும் உண்டு. பேசுகிறவருக்கு வயது 11. பெயர் வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ். இதே ஆள் பிற்காலத்தில் கணக்கு மெஷின் தட்டுகிற குமாஸ்தா வேலை பார்த்து, 46 வயதில் இறந்துபோனார்.

"அவருக்கு ஐக்யூ 250-க்கும் மேல்" என்று வாட்ஸ்அப்பில் வரும், நம்பாதீர்கள், ஆதாரம் கிடையாது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா உளவியலாளர், அம்மா டாக்டர், 16 வயதில் பட்டம், 17 வயதில் ஹூஸ்டனில் தன்னைவிடப் பெரிய மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் வேலை, அதுவும் ஒரு வருஷத்துக்குள் முடிந்தது. சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

[திரையில்: பழைய டிராம் சீட்டுகள்]

ஒரு டிராமில் இருந்து இறங்கி இன்னொன்றில் ஏற, அந்தக் காலத்தில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். இவர் அதைச் சேர்த்தார். சும்மா சேர்க்கவில்லை, எந்த ஊர், என்ன நிறம், நேரத்தைக் காட்ட எங்கே ஓட்டை போடுகிறார்கள் என்று பிரித்துப் பிரித்து எழுதி, 1926-ல் கிட்டத்தட்ட 300 பக்கத்துக்குப் புத்தகமே போட்டுவிட்டார். அதுவும் ஃபிராங்க் ஃபோலுபா என்ற புனைபெயரில்! நடுநடுவே டிராம் ஜோக் வேறு. "பாவம், மூளை குழம்பிவிட்டது" என்று எழுதியவர்கள் நிறைய. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரும் கைதட்டாத, எந்த நிருபரும் எட்டிப்பார்க்காத ஒரு விஷயத்தை மனுஷன் தனக்கே தனக்காகச் செய்திருக்கிறார், விடுங்களேன். ஆனால் விடவில்லை. 1937-ல் நியூயார்க்கர் பத்திரிகை அவரைத் தேடிப்பிடித்துக் கட்டுரை போட்டது. வழக்குப் போட்டார். 'நீங்கள் பிரபலமானவர், தனிமை கேட்க முடியாது' என்கிற மாதிரி 1940-ல் தீர்ப்பு வந்தது. பிரபலம் ஆக்கியது யார்? அந்தப் பையனா?

"சீக்கிரம் மேல் வகுப்புக்கு அனுப்பினால் இப்படித்தான்" என்று முடிவு கட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த கணித மேதை டெரன்ஸ் தாவோ 10 வயதில் சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், 2006-ல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். அவரும் வயதுக்கு மீறிய வகுப்பில்தான் படித்தார், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை: கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்றதுக்கு வேறு வகுப்பு. பிரின்ஸ்டனில் ஒரு முக்கியத் தேர்வில் கிட்டத்தட்ட ஃபெயில் ஆகும் நிலைக்குப் போனதை அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அதோடு உடைந்துவிடவில்லை.

கவுன்சலர்கள் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மீத்திறன் பிள்ளைக்குக் கணக்கில் 16 வயது இருக்கும், தோற்றால் அழுவதில் 8 வயதாகவே இருக்கும். 98 வாங்கிவிட்டு அந்த 2 மார்க்குக்காகச் சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? "நீதான்டா ஜீனியஸ், உனக்கா வராது?" 1998-ல் முல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்ததாகச் சுலபமான வேலையைத் தேர்ந்தெடுக்கவே அதிகம் விரும்பினார்கள். பின்னே? கஷ்டமானதைத் தொட்டுத் தோற்றால் அந்தப் பட்டம் போய்விடுமே! உழைப்பைப் பாராட்டியபோது பெரும்பாலானவர்கள் கற்றுக்கொள்ள உதவும் கஷ்டமானதைத்தான் கேட்டார்கள்.

அதனால் உறவுக்காரர் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு "மாமாவுக்கு 19-ஆம் வாய்ப்பாடு சொல்லு" என்பதை இன்றோடு நிறுத்துங்கள், ப்ளீஸ். தன் வேகத்துக்குப் பேச ஒரு நண்பன் இருக்கிறானா என்று கேளுங்கள், செஸ் கிளப்போ கணித வட்டமோ எதுவானாலும் சரி. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளி என்றாலே வயிற்றுவலி என்றால் கவுன்சலரிடம் கூட்டிப்போங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணை டிஸ்கிரிப்ஷனிலும் போட்டிருக்கிறேன்.