காற்றைச் செலுத்தினால் படுகை ஏன் சுருங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். சேலம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவுப்பாலைத் தெளியவைத்த பின் எஞ்சும் நீரில் கரிமப் பொருள் மிகுதி; தேங்கி நின்றால் விரைவில் புளித்துவிடும். அதைத் தூய்மைப்படுத்தும் வழிகளுள் ஒன்று, நுண்ணுயிர்கள் படர்ந்த சிறு துகள்களை உயரமான கலனில் இட்டு, அடியிலிருந்து கழிவுநீரையும் காற்றையும் ஒருசேரச் செலுத்துவது. நீரின் வேகம் போதிய அளவை எட்டியதும் துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகி அசையத் தொடங்கும். வாயு, நீர்மம், திண்மம் ஆகிய மூன்றும் கலந்தியங்கும் இதனைப் பாய்மப் படுகை என்கிறோம்.

நீரால் விரிந்து நிற்கும் படுகைக்குள் காற்றையும் விட்டால் அது மேலும் உயரும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள் நீரில் இருக்கும்போது நடப்பதோ நேர்மாறு: படுகை சுருங்குகிறது. செம்மண் சாலையில் விரையும் பேருந்தின் பின்னே புழுதி இழுபடுவதைப்போல, மேலேறும் ஒவ்வொரு குமிழியும் தன் பின்னே நீரை இழுத்துக்கொண்டு விரைகிறது. அவ்வாறு நீரின் ஒரு பகுதி குமிழிகளோடு போய்விடுவதால், எஞ்சிய இடத்தில் துகள்களைத் தாங்கும் நீரோட்டம் தளர்ந்து, துகள்கள் நெருங்கி அமர்கின்றன. 6 மில்லிமீட்டர் மணிகளில் இவ்வாறு நேர்வதில்லை. கனத்த மணிகள் பெருங்குமிழிகளை உடைத்துச் சிறிதாக்கிவிடுவதால் படுகை விரியவே செய்கிறது.

மூன்றும் எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளன என்பதை அறிய மூன்று செய்திகள் போதும். இட்ட துகள்களின் எடையும் அடர்த்தியும் படுகையின் உயரமும் திண்மத்தின் பங்கைத் தந்துவிடும். உயரத்திற்கேற்ப அழுத்தம் குறையும் வீதம், மூன்றின் மொத்த எடையைக் காட்டும்; காற்றின் எடை அதில் புறக்கணிக்கத்தக்கது. மூன்று பங்குகளின் கூட்டுத்தொகை 1 என்பது மூன்றாவது செய்தி. காமாக் கதிர்க் கருவிகளும் ஒளியிழை உணரிகளும் வந்துவிட்ட பின்னரும், சுவரில் பதித்த சில அழுத்தமானிகளைக் கொண்டே முடிந்துவிடும் இக்கணக்கின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆயினும் இக்கணக்கு சராசரியை மட்டுமே சொல்லும். பெருங்குமிழிகள் திரளும் நிலையில் காற்று கலனின் நடுப்பகுதியை நாடுகிறது; அங்கே நீர் மேலேற, சுவரோரம் கீழிறங்குகிறது. நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி எங்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டுமாயின், காற்றை நுண்துளைகள் வழியே கலனின் அடிப்பரப்பு முழுவதும் பரப்பிவிட வேண்டும்.

கழிவுநீர்க் கலனில் மற்றொரு சிக்கலும் உண்டு. துகளின்மேல் உயிர்ப்படலம் தடிக்கத் தடிக்க அதன் சராசரி அடர்த்தி குறைந்து, அத்துகள் மேலேறி, நீரோடு வெளியேறிவிடக்கூடும். காற்று படுகையைச் சுருக்குகிறது, படலமோ அதை உயர்த்துகிறது. தொடக்க நாளில் அளந்த உயரத்தை மட்டும் நம்பிக் கலனை அமைப்பவர் துகள்களை இழக்க நேரிடும். அதனால்தான் கலனின் தலைப்பகுதியை அகலமாக அமைத்து, அங்கே நீரின் வேகத்தைத் தணித்து, துகள்கள் மீண்டும் கீழிறங்க வழிசெய்கிறார்கள்.