பழைய காரின் காபரேற்றர்: எந்தக் குழாய் எந்த நிப்பிளுக்கு?

வணக்கம். முதல் கேள்வி திருகோணமலை உப்புவெளியிலிருந்து, காபரேற்றரைப் பற்றி வந்திருக்கிறது. காபரேற்றர் என்றால் பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் பகுதி. கொஞ்சம் சுருக்கி வாசிக்கிறேன். "அண்ணா, என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். சிறிய ரப்பர் குழாய்களில் எது எங்கே இருந்தது என்று மறந்துவிட்டேன். இப்போது ஐடிலிங்கில் இயந்திரம் ஏறி ஏறி இறங்குகிறது. பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கிறது. எதை எங்கே கொழுவ வேண்டும்?" கூடவே படமும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, படத்தைப் பார்த்து "இது இங்கே, அது அங்கே" என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்த வயதுக் கார்களில் காபரேற்றர் ஒரு தடவையாவது மாற்றப்பட்டிருக்கும். கீழே அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இயந்திரம்தான். மேலே இருப்பது வேறு காபரேற்றராக இருக்கலாம். இன்னொருவருடைய காரின் படத்தைப் பார்த்துக் கொழுவினால் பிழை கூடத்தான் செய்யும். உங்கள் காபரேற்றரிலுள்ள ஒவ்வொரு நிப்பிளும், அதாவது குழாய் கொழுவும் ஒவ்வொரு சிறு முனையும், என்ன வேலை செய்கிறது என்று விரலை வைத்தே கண்டுபிடிக்கலாம். அதைத்தான் சொல்லித் தரப்போகிறேன்.

காபரேற்றரின் அடிப்பகுதியில் அக்சிலரேற்றரை மிதிக்கும்போது திரும்புகிற ஒரு வட்டத் தகடு இருக்கிறது. துரொட்டில் தகடு. ஐடிலிங்கில், அதாவது மிதியைத் தொடாமல் இயந்திரம் சும்மா ஓடும்போது, அது கிட்டத்தட்ட மூடியிருக்கும். இயந்திரம் கீழிருந்து காற்றை இழுக்கும், தகடு மறிக்கும். ஆகவே தகட்டுக்குக் கீழே எப்போதும் பலமான உறிஞ்சல் இருக்கும். தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே திறக்கும் துளையிலோ ஐடிலிங்கில் உறிஞ்சல் இராது. மிதியைக் கொஞ்சம் அழுத்தியதும் தகடு அந்தத் துளையைக் கடந்துவிடும். அப்போதுதான் உறிஞ்சல் வரும். இந்த இரண்டையும் பிரித்தறிந்தால் பாதிக்கு மேல் முடிந்தது.

தொடங்குமுன் பெற்றோல் குழாய்களை அடையாளம் காணுங்கள். பம்பிலிருந்து வருவது ஒன்று, தாங்கிக்குத் திரும்பிப் போவது ஒன்று. இரண்டும் வக்கியூம் குழாயைவிட, அதாவது உறிஞ்சல் போகும் சிறு குழாயைவிட, தடிப்பானவை, பெற்றோல் மணக்கும். அவை தம் இடத்தில் கிளிப்புடன் இறுகி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். காரை வெளியே திறந்த இடத்தில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக்கை இழுத்துவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இயந்திரம் சூடானதும் எல்லாச் சிறிய வக்கியூம் நிப்பிள்களையும் அடையுங்கள்; காபரேற்றரின் மேற்பக்கத்தில் குழல் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். துண்டு ரப்பர் குழாயில் ஒரு திருகாணியைச் செருகினால் அதுவே மூடி. ஏற்ற இறக்கம் அடங்கிவிட்டால் கோளாறு குழாய்களில்தான். அடங்காவிட்டால் காபரேற்றரின் அடியில் காற்று ஒழுகாமல் வைத்திருக்கும் பாக்கிங்கைச் சந்தேகியுங்கள். கழற்றிப் பூட்டும்போது அது கிழிவது வழக்கம். ஒன்றை மறக்காதீர்கள்: மூன்று சிலிண்டர் இயந்திரம் ஐடிலிங்கில் இயல்பாகவே கொஞ்சம் நடுங்கும். அந்த நடுக்கத்தை நோயென்று எண்ணி எத்தனையோ பேர் திருகாணிகளைக் கண்டபடி திருப்பிக் கெடுத்திருக்கிறார்கள்.

இனி மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலை வையுங்கள். ஐடிலிங்கிலேயே விரலை இழுத்துப் பிடித்தால் அந்த நிப்பிள் தகட்டுக்குக் கீழே திறக்கிறது. சும்மா இருந்துவிட்டு, துரொட்டில் கம்பியைக் கையால் சற்றுத் திறந்ததும் இழுத்தால் அது விளிம்புத் துளை. பெரும்பாலும் அதுதான், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திலுள்ள வட்டச் சிமிழுக்குப் போக வேண்டியது.

இந்த ஒரு குழாயைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் பெற்றோல் செலவு அநேகமாக இதில்தான் இருக்கிறது. நிலாவெளி வீதியில் ஐம்பதில் மெதுவாகப் போகிறீர்கள் என்று வையுங்கள். மிதி சிறிதளவுதான் அழுந்தியிருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, நெருக்கமும் குறைவு. அது மெதுவாக எரியும். மெதுவாக எரிவதற்குத் தீப்பொறி முன்கூட்டியே விழ வேண்டும். அந்த நேரத்தில் உறிஞ்சல் அதிகம். அது சிமிழுக்குள் இருக்கும் சவ்வை இழுத்துத் தீப்பொறியை முன்தள்ளுகிறது. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மிதியை நன்றாக அழுத்துகிறீர்கள். உறிஞ்சல் விழுந்துவிடுகிறது, சவ்வு பின்வாங்குகிறது, இயந்திரம் தட்டாமல் ஏறுகிறது. கணினி இல்லாத காலத்தில் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் செய்த வேலை இது. எனக்கு இன்றைக்கும் அதில் பெரிய மதிப்பு உண்டு.

இந்தக் குழாயைக் கொழுவாமல் விட்டாலும் கார் ஓடும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. இழுவை சோர்ந்து பெற்றோல் வீணாகும். எப்போதும் இழுக்கும் நிப்பிளில் கொழுவிவிட்டால் ஐடிலிங்கிலேயே தீப்பொறி முந்தி வேகம் ஏறும். அதைக் குறைக்க ஐடில் திருகாணியைத் தளர்த்துவீர்கள், பிறகு வேறொன்று கெடும்.

சிமிழையும் சோதியுங்கள். பார்மசியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குழாயின் மறுமுனையில் பொருத்தி இழுங்கள். டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தட்டு அசைய வேண்டும். பிடித்து வைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது. அப்போது எவ்வளவு சரியாகக் கொழுவினாலும் காற்று அந்த வழியாகவே ஒழுகும்.

இரண்டு நிலையிலும் இழுக்காத ஒரு குழல் காபரேற்றரின் மேற்பக்கத்தில் இருந்தால், அது காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் மூச்சுவிடும் வழி. அதை அடைக்கவும் வேண்டாம், உறிஞ்சல் உள்ள எதனுடனும் இணைக்கவும் வேண்டாம். பெற்றோல் அளவே குழம்பிவிடும். ஏசி இருந்தால், போட்டதும் ஐடிலிங்கைச் சற்று உயர்த்தும் சிறு சவ்வுக்கு எப்போதும் இழுக்கும் வக்கியூம் வேண்டும். அது மின்சார வால்வ் ஒன்றின் ஊடாகப் போகும்.

உங்கள் காரில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் தடித்த குழாயை மட்டும் தனியாகப் பாருங்கள். அது நேரே மெனிஃபோல்டுக்கு, அதாவது காபரேற்றரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்த் தொகுதிக்கு, போவது, நடுவே ஒருவழி வால்வ் இருக்கும். அதன் அம்புக்குறி இயந்திரத்தை நோக்க வேண்டும். மாறிப் பூட்டினால் பிரேக் மிதி கல்லாகிவிடும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து தடவை அழுத்துங்கள், பிறகு அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுக் கீழே இறங்கினால் சரி. இறங்காவிட்டால் காரை வீதிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குழாய்களைப் பற்றி: நம்முடைய வெயிலும் உப்புக் காற்றும் ரப்பரை வெடிக்க வைக்கும். முனை மட்டும் வெடித்திருந்தால் ஒரு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுக் கொழுவலாம். முழுதும் இறுகியிருந்தால் பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில் வக்கியூம் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மீன்தொட்டிக்கான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிப்போகும்.

ஒழுக்கு தேட சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள், டிஸ்ரிபியூற்றரில் மட்டும் படவேண்டாம். தண்ணீர் பட்ட இடத்தில் இயந்திரத்தின் ஓசை மாறினால் ஒழுக்கு அங்கேதான். பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை யார் சொல்லித் தந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்; சூடான இயந்திரத்தில், தீப்பொறிக்குப் பக்கத்தில், அது நெருப்பு.

வக்கியூம் மீற்றர் கிடைத்தால் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்ட வேண்டும். திருகோணமலை கடல் மட்டத்தில் இருப்பதால் நாம் கழித்துப் பார்க்க எதுவுமில்லை. நுவரெலியாவில் உயரத்தால் காற்றழுத்தம் குறைவதால் அதே இயந்திரம் ஏறக்குறைய ஆறு அங்குலம் குறைவாகக் காட்டும். அங்கே ஓட்டுபவர்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எல்லாம் கொழுவிய பிறகு கடைசியாகத்தான் ஐடில் திருகாணியைத் தொட வேண்டும். அதன் பிறகும் ஏறி இறங்கினால், எந்த நிப்பிளை அடைத்தபோது அடங்கியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள் தம்பி, அங்கிருந்து பார்ப்போம்.