மக்களவையின் ஒரு நாளும் அந்த முதல் ஒரு மணி நேரமும்

[காட்சி: மக்களவை அரங்கம், பச்சைக் கம்பளம். சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் செங்கோல். கடிகாரத்தில் 10:59.]

வணக்கம். மணி இப்போ 10:59. உறுப்பினர்கள் வந்து உக்காந்துக்கிட்டு இருக்காங்க. மார்ஷல் குரல் கொடுத்ததும் எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. சபாநாயகர் வர்றார், கைகூப்பி வணங்கறார், உக்கார்றார். முன்னாள் உறுப்பினர் யாராவது இறந்திருந்தா முதல்ல இரங்கல் குறிப்பு, கொஞ்ச நேரம் மௌனம். அது முடிஞ்சதும் கேள்வி நேரம்.

இதுக்கு அப்புறம் நடக்கறதுல நமக்கு டிவியில கிடைக்கறது பெரும்பாலும் ஒரு 20 விநாடி. பதாகை, கோஷம், அவையோட மையப்பகுதியில கூட்டம், "அவை 12 மணி வரை ஒத்திவைப்பு". அதுல என்ன போச்சுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. அதைச் சொல்லணும்னுதான் இந்த வீடியோ. ஒரு நாள் முழுக்கப் பாக்கப் போறோம். ஆனா 11-லேர்ந்து 12 வரைக்கும் இருக்கற அந்த ஒரு மணி நேரத்துல கொஞ்சம் கூடுதலாவே நிக்கப் போறோம்.

[காட்சி: கேள்விப் பட்டியலின் ஒரு பக்கம், மெதுவாக நெருங்கி.]

இன்னைக்குக் காலையில அவையில வர்ற கேள்வி இன்னைக்கு எழுதினது இல்ல. குறைஞ்சது 15 நாள் முன்னாடியே நோட்டீஸ் கொடுத்தாகணும். ஒரு உறுப்பினர் ஒரு நாளைக்கு 5 கேள்விக்கு மேல கொடுக்க முடியாது. நூத்துக்கணக்கான பேர் கொடுக்கறதால யாரோடது முன்னாடி வரும்ங்கறதுக்குக் குலுக்கல். குலுக்கல்ல மேல வந்தவங்க கேள்வியில 20-க்கு மட்டும் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போடுவாங்க. அதுக்கு அமைச்சர் அவையில நின்னு வாயால பதில் சொல்லணும். குறி போடாத கேள்வி ஒரு நாளைக்கு 230 வரைக்கும் போகும். அதுக்கு எழுத்துல பதில் வரும், அவ்வளவுதான்.

அமைச்சகங்களை 5 குழுவாப் பிரிச்சு, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஒரு கிழமைக்கு ஒரு குழுன்னு ஒதுக்கியிருக்காங்க. உங்க ஊர் ரயில் பிரச்சினையைக் கேக்கணும்னா, ரயில்வே அமைச்சகம் வர்ற கிழமைக்கு உங்க எம்.பி. கொடுத்த கேள்வி குலுக்கல்ல விழணும். அந்த நாள் தவறினா அடுத்த வாரம்தான், அதுவும் மறுபடி குலுக்கல்.

ஒரு கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? "ரயில்வே அமைச்சர் பின்வருவனவற்றைத் தெரிவிப்பாரா"ன்னு ஆரம்பிக்கும். கீழ அ, ஆ, இ-ன்னு பகுதிகள். இந்த வழித்தடத்தில் இரட்டைப் பாதைப் பணி தாமதமாவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா? ஆம் எனில் அதன் விவரங்கள் என்ன? இல்லை எனில் காரணம் என்ன? படிக்க வறட்சியாத்தான் இருக்கும். ஆனா 'ஆம் எனில்', 'இல்லை எனில்'னு ரெண்டு பக்கமும் கதவைச் சாத்திடறாங்க பாருங்க. அமைச்சகம் எதைச் சொன்னாலும் அதுக்கு மேல ஒரு விளக்கம் எழுதியே ஆகணும்.

இப்போ அவைக்கு வருவோம். சபாநாயகர் கேள்வி எண்ணைச் சொல்லி உறுப்பினரைக் கூப்பிடறார். அமைச்சர் எழுந்து, "பதில் அவையின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது"ன்னு சொல்லிட்டு உக்காந்துடறார். முதல் தடவை பாக்கறவங்களுக்கு 'இவ்வளவுதானா'ன்னு தோணும். எழுதின பதில் ஏற்கெனவே உறுப்பினர் கையில இருக்கு. விஷயம் அடுத்த நொடியிலதான் ஆரம்பிக்குது. அவர் துணைக் கேள்வி கேக்கறார். கேள்வி கொடுத்தவருக்கு ரெண்டு துணைக் கேள்வி உண்டு. அப்புறம் சபாநாயகர் வேற உறுப்பினர்களையும் கூப்பிடுவார்.

துணைக் கேள்வி என்னன்னு அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால கேள்வி நேரத்துக்கு வர்ற அமைச்சர் கையில தடிமனான ஒரு கோப்பு இருக்கும். எந்தப் பக்கத்துலேர்ந்து கேள்வி வந்தாலும் சமாளிக்க அதிகாரிகள் தயார் பண்ணிக் கொடுத்தது. அந்த அதிகாரிகளே மாடத்துல உக்காந்திருப்பாங்க. பதில் கோப்புல இல்லன்னா துண்டுச்சீட்டு கீழ வரும். மத்தவங்க எழுதிக் கொடுத்த பதிலைப் படிக்கற அமைச்சர் யாரு, தன் துறையைத் தெரிஞ்சு வெச்சிருக்கற அமைச்சர் யாருன்னு ரெண்டாவது துணைக் கேள்வியிலயே தெரிஞ்சுடும். பத்து நிமிஷம் நேரலை பாருங்க, நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.

[காட்சி: உறுப்பினர் மேசையில் ஹெட்போன்.]

மேசை மேல ஒரு ஹெட்போன் இருக்கறதைக் கவனிங்க. அரசியலமைப்போட 120-வது பிரிவுப்படி நாடாளுமன்ற அலுவல் இந்தியிலயோ ஆங்கிலத்துலயோதான் நடக்கணும். ஆனா தன் கருத்தை அந்த ரெண்டு மொழியிலயும் சரியாச் சொல்ல முடியாத உறுப்பினர் தாய்மொழியில பேச சபாநாயகர் அனுமதிக்கலாம். ஒருத்தர் தமிழ்ல கேக்கறார்னா, மொழிபெயர்ப்பாளர் கூடக்கூடப் பேசிக்கிட்டே வர, எதிர்ல இருக்கற அமைச்சர் ஹெட்போனைக் காதுல வெச்சுக் கேட்டுட்டுப் பதில் சொல்றார். நம்ம ஊர்க் குளம், நம்ம ஊர்ப் பாலத்தோட பேரு அந்த அரங்கத்துல தமிழ்ல ஒலிக்கறப்போ எனக்கு ஒரு சந்தோஷம் வரும், மறைக்க விரும்பல.

20 நட்சத்திரக் கேள்வியும் ஒரே நாள்ல எட்டறது ரொம்ப அபூர்வம். 2019 நவம்பர் 27 அன்னைக்கு 20-ம் எடுத்துக்கிட்டாங்க. 1972-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவைன்னு பெரிய செய்தியாச்சு. மத்த நாள்ல அஞ்சாறு கேள்வி நடந்தாலே நல்ல நாள். மீதிக்கு எழுத்துல பதில் வந்துடும், துணைக் கேள்வி மட்டும் கிடையாது.

ஏன் இதுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கறேன்? ஒரு பழைய நிகழ்ச்சி சொல்றேன். 1957. ஆயுள் காப்பீட்டை அரசுடைமை ஆக்கி எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருக்கு. ஹரிதாஸ் முந்த்ராங்கற தொழிலதிபரோட கம்பெனிகள்ல எல்.ஐ.சி. சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கினதா மக்களவையில கேள்வி வருது. அரசுத் தரப்புல மழுப்பலா ஒரு பதில். விடல. மறுபடி கேள்வி. டிசம்பர்ல ஃபெரோஸ் காந்தி எழுந்து, பாலிசிதாரர் பணம் எப்படிப் போச்சுன்னு ஒவ்வொண்ணா அவை முன்னாடி வெச்சார். அவர் யாரு? ஆளுங்கட்சியான காங்கிரஸ் எம்.பி., பிரதமர் நேருவோட மருமகன். நீதிபதி சாக்ளா தலைமையில விசாரணை ஆணையம் அமைஞ்சு பகிரங்கமா விசாரிச்சது. 1958 பிப்ரவரியில நிதியமைச்சர் பதவி விலகினார். அந்த நிதியமைச்சர் நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

அதை ஆரம்பிச்சு வெச்சது ஒரு கேள்வியும், அதுக்கு வந்த மழுப்பல் பதிலும். விடாமக் கேட்டதுல ஆளுங்கட்சிக்காரரும் உண்டுங்கறதை மனசுல வெச்சுக்கோங்க, மசோதா பத்திப் பேசறப்போ மறுபடி வருவேன்.

கேள்விக்கு இருக்கற மதிப்பு தப்பான வழியிலயும் நிரூபணம் ஆச்சு. பணம் வாங்கிக்கிட்டுக் கேள்வி கேட்டாங்கன்னு ரகசிய கேமராவுல சிக்கின விவகாரத்துல, 2005 டிசம்பர்ல 11 எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேத்திச்சு. மக்களவையில 10 பேர், மாநிலங்களவையில ஒருத்தர்.

[காட்சி: அமளி. பதாகைகள். ஒலி குறைந்து கதையாடல் மட்டும்.]

இப்போ அமளிக்கு வருவோம். எதிர்க்கட்சி ஏன் கேள்வி நேரத்துலயே கோஷம் போடுது? எதை விவாதிக்கணும்ங்கறதுல அரசு கைதான் ஓங்கியிருக்கு. மத்த அலுவலைத் தள்ளி வெச்சுட்டு ஒரு அவசரப் பிரச்சினையை இப்பவே பேசணும்னு ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்தா பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. அப்போ எதிர்க்கட்சிகிட்ட மிச்சம் இருக்கறது குரல்தான். அந்தக் கோபத்தை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா அன்னைக்குக் காலையில என்ன வெடிச்சாலும் முதல் பலி கேள்வி நேரம்தான், ஏன்னா வரிசையில முதல்ல நிக்கறது அது. இதுக்காகவே மாநிலங்களவையில 2014 நவம்பர்லேர்ந்து கேள்வி நேரத்தைப் பகல் 12 மணிக்கு மாத்தினாங்க. 2020 மழைக்காலக் கூட்டத்தொடர்ல கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமப் போச்சு. எழுத்துப் பதில் மட்டும் வந்துச்சு. அமைச்சரை நிக்க வெச்சுக் கேக்கற வழி அந்தக் கூட்டத்தொடர் முழுக்க அடைபட்டுப் போச்சு. அது சரின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தோணல.

மணி 12. அமைச்சர்கள் ஆண்டறிக்கை, அறிவிக்கை எல்லாத்தையும் அவையில தாக்கல் பண்றாங்க. மளமளன்னு முடியும். அடுத்தது பூஜ்ய நேரம், நம்ம சட்டமன்றத்துல நேரமில்லா நேரம்னு சொல்வாங்களே அது. விதிப் புத்தகத்துல இந்தப் பேரே கிடையாது, பழக்கத்துல வந்தது. மீனவர் கைது, நெல் கொள்முதல், ஊர் ரயில் நிறுத்தம்னு அவசரமாச் சொல்ல வேண்டியதை ஓரிரு நிமிஷத்துல சொல்லி முடிக்கணும். அமைச்சர் உடனே பதில் சொல்லணும்ங்கற கட்டாயம் இல்ல.

மதிய உணவுக்கு அப்புறம் மசோதா. ஒவ்வொரு மசோதாவுக்கும் எவ்வளவு நேரம்னு அலுவல் ஆய்வுக் குழு முடிவு பண்ணும். அதைக் கட்சிகளோட பலத்துக்கு ஏத்த மாதிரி பிரிப்பாங்க. ஒரே ஒரு எம்.பி. இருக்கற கட்சிக்கு சில நிமிஷம்தான். மணி அடிக்கும், அடுத்தவர் பேரு கூப்பிடுவாங்க, மைக் நின்னுடும். விவாதம் முடிஞ்சதும் பிரிவு பிரிவா வாக்கு. "ஆதரிப்போர் ஆம் எனலாம், எதிர்ப்போர் இல்லை எனலாம்." எந்தக் குரல் ஓங்கியிருக்குன்னு சபாநாயகர் சொல்றதுதான் முடிவு. யாராவது எதிர்த்து வாக்கெடுப்பு கேட்டா மட்டும் அரங்கம் மாறிடும். வளாகம் முழுக்க மூணரை நிமிஷம் மணி அடிக்கும். கேன்டீன்ல இருக்கறவர், நூலகத்துல இருக்கறவர் எல்லாம் ஓடி வருவாங்க. கதவு மூடினதுக்கு அப்புறம் யாரும் உள்ள வர முடியாது. மேசையில இருக்கற பொத்தானை அழுத்தணும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் நடுநிலை.

1999 ஏப்ரல் 17 அன்னைக்கு அப்படி எண்ணினப்போ வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. அ.தி.மு.க. ஆதரவை விலக்கினதால வந்த நம்பிக்கை வாக்கெடுப்பு அது. ஒத்தை ஓட்டுல அரசு போச்சு.

ஆனா அந்த மாதிரி நாள் அரிது. 1985-ல கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் எப்படி ஓட்டுப் போடணும்னு கட்சி சொல்ற கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவியே போகலாம். அதனால பெரும்பாலான மசோதாவோட முடிவு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும். கேள்வி நேரத்துல அந்தக் கட்டு இல்ல. கேள்விக்குக் கொறடா கிடையாது. ஆளுங்கட்சி எம்.பி.யும் தன் அமைச்சரை மடக்கலாம், பதவி போகாது. 1957-ல நடந்தது அதுதான். நான் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடிச்சுத் தொங்கறதுக்குக் காரணமும் அதுதான்.

வெள்ளிக்கிழமைன்னா பிற்பகல்ல ரெண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாவுக்கு. அமைச்சரா இல்லாத எந்த உறுப்பினரும் மசோதா கொண்டு வரலாம். சுதந்திரத்துக்கு அப்புறம் அப்படி வந்து சட்டமானது மொத்தம் 14. கடைசியா ஆனது 1970-ல. திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்னைக்கு மாநிலங்களவையில நிறைவேறுச்சு. மக்களவையைத் தாண்டல. ஆனா அதுக்கு அப்புறம் அரசு தானே ஒரு மசோதா கொண்டு வந்து 2019-ல சட்டமாக்க வேண்டி வந்துச்சு.

[காட்சி: மாலை. பாதி காலியான இருக்கைகள்.]

மாலை 6 மணி. வேலை மிச்சம் இருந்தா அவையோட சம்மதத்தோட நேரத்தை நீட்டிப்பாங்க. மொத்த உறுப்பினர்கள்ல பத்துல ஒரு பங்கு, அதாவது 55 பேர் இருந்தாத்தான் அவை நடக்கலாம். ராத்திரி நேரத்துல ரொம்பக் கம்மியான பேரோட ஒருத்தர் தன் தொகுதியைப் பத்தி உருகிப் பேசிக்கிட்டு இருப்பார். அந்தப் பேச்சும் ஒரு வரி விடாம அவைக்குறிப்புல ஏறும்.

அவை கலைஞ்சதுக்கு அப்புறம் நமக்கு ஒரு வேலை இருக்கு. 'சன்சத் டாட் இன்'ங்கற நாடாளுமன்ற இணையதளத்துக்குப் போங்க. அமளியால கேள்வி நேரம் போன நாளா இருந்தாலும் அன்னைக்கு வந்த எழுத்துப் பதில் அத்தனையும் அங்க இருக்கும். அமைச்சகம், உறுப்பினர் பேரு, தேதி, எதை வெச்சு வேணும்னாலும் தேடலாம். பதிலோட முதல் பக்கத்தோட நிறுத்திடாதீங்க, பின்னாடி இணைப்பு அட்டவணை வரைக்கும் போங்க. எங்க பக்கத்துல ரொம்ப நாளா இழுத்துக்கிட்டு இருக்கற ஒரு மேம்பாலத்தைப் பத்தி உள்ளூர்ல ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எவ்வளவு ஒதுக்கினாங்க, எவ்வளவு செலவாச்சுங்கறது அப்படி ஒரு அட்டவணையில, சின்ன எழுத்துல, ஒத்தை வரியில இருந்துச்சு.

சில பதில்ல "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு மட்டும் இருக்கும். தட்டிக்கழிக்கறாங்கன்னு விட்டுடாதீங்க. அந்த வரி கணக்குப்படி அரசு கொடுத்த உறுதிமொழி. அதை 3 மாசத்துக்குள்ள நிறைவேத்தணும். நிறைவேத்தினாங்களான்னு பாக்கறதுக்குன்னே உறுதிமொழிகள் குழுன்னு ஒண்ணு மக்களவையில இருக்கு. உங்க ஊர் விஷயத்துல அந்த வரியைப் பாத்தீங்கன்னா தேதியைக் குறிச்சு வெச்சுக்கிட்டு, மூணாவது மாசம் முடிஞ்சதும் அந்தக் கேள்வி எண்ணைச் சொல்லி உங்க எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்க.