கண் இல்லாத பேராசிரியரின் கேள்வி

அவையோருக்கு வணக்கம். ஒட்டிப் பிறந்த இரட்டையர், உறுப்பு இடம்மாறிப் பிறந்தவர் இவர்களையெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா ‘விகாரப் பிறவிகள்’ என்றது. கடவுள் கருவிலேயே அப்படிப் படைத்தாரா, வயிற்றில் வளரும்போது நேர்ந்த விபத்தா? பாரிஸ் அறிவியல் கழகத்தில் லெமரி, வின்ஸ்லோ என்ற இரு மருத்துவர்கள் 1724 தொடங்கிப் பல ஆண்டுகள் இதற்காக மல்லுக்கட்டினார்கள். கடவுளின் பெருமைக்குப் பங்கம் வரக்கூடாது என்ற கவலை இரு தரப்புக்கும் இருந்தது. அந்த உடம்போடு வாழ்கிறவர் என்ன சொல்வார் என்ற கவலைதான் இல்லை.

அப்படி ஒருவரையே பேசவைக்கும் முயற்சியாக, 1749இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெனி தீதரோ ‘பார்வையற்றோர் பற்றிய கடிதம்’ என்ற நூலை எழுதினார். அதன் நாயகர் நிக்கோலஸ் சாண்டர்சன் நிஜ மனிதர். ஒரு வயதில் அம்மை கண்களைப் பறித்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜில், நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியில் அமர்ந்தார், ஒளியியலும் கற்பித்தார்!

அவர் கணக்குப் போட்ட பலகையைச் சொல்லியே ஆகவேண்டும். சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது துளைகள். நடுத் துளையில் பெரிய தலை ஊசி மட்டும் இருந்தால் பூஜ்யம். சிறிய தலை ஊசி மட்டும் இருந்தால் ஒன்று. மற்ற எண்களுக்கு நடுவில் பெரிய ஊசி, சுற்றியுள்ள எட்டுத் துளைகளில் ஒன்றில் சிறிய ஊசி. விரலால் தடவியே வாசித்துவிடுவார்.

தீதரோ இவரை மரணப் படுக்கையில் ஒரு பாதிரியாரோடு பேச வைக்கிறார். உலகின் ஒழுங்கைப் பார்த்தால் கடவுள் தெரியவில்லையா என்கிறார் பாதிரியார். ‘என்னைப் பாருங்கள், எனக்குக் கண் இல்லை. ஒருவருக்குக் கண் கொடுத்து மற்றவருக்கு மறுக்க, நாம் இருவரும் கடவுளுக்கு என்ன செய்தோம்?’ என்று கேட்கிறார் சாண்டர்சன். எத்தனையோ உருவங்கள் தோன்றி, தாக்குப்பிடிக்க முடியாமல் அழிந்திருக்கும். மிஞ்சியதைத்தான் ஒழுங்கு என்கிறோம் என்றும் சொல்கிறார். இப்படி எழுதியதற்காக அதே ஆண்டு தீதரோவை பாரிஸ் அருகே வின்சென் கோட்டைச் சிறையில் மூன்று மாதத்துக்கும் மேல் அடைத்துவைத்தார்கள்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த உரையாடல் முழுக்கத் தீதரோவின் கற்பனை. சாண்டர்சன் இறந்து பத்து ஆண்டுகள் ஆனபின், அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தார். அம்மை பறித்த கண்ணைப் படைப்பின் குறையாகவும் காட்டினார். சாண்டர்சன் தன் குரலில் விட்டுச்சென்றது 1740இல் அச்சான இயற்கணித நூல். தத்துவம் படிக்கிறவர்கள் அதையும் ஒருமுறை புரட்டுங்கள். அந்த ஊசிப் பலகையின் விளக்கம் அதில்தான் இருக்கிறது.