உங்களுக்கு எத்தனை பிறந்தநாள்?

நேயர்களுக்கு வணக்கம். 'உங்க பிறந்தநாள் என்னைக்கு?' என்று கேட்டால் நம்மவர்களில் பலர் உடனே பதில் சொல்வதில்லை. 'எதைக் கேக்குறீங்க, நட்சத்திரமா, தேதியா, சர்டிபிகேட்டா?' என்று திருப்பிக் கேட்பார்கள். மூன்றும் மூன்று நாளில் வரும். ஏன் வருகிறது, எப்போதாவது சேர்ந்து வருமா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நட்சத்திரத்திலிருந்து தொடங்குவோம். வானத்தை ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட நட்சத்திரத்துக்கே திரும்பி வர, சந்திரனுக்கு 27.32 நாள் ஆகிறது. அப்படி 13 சுற்று சுற்றினால் 355 நாள். ஆண்டுக்கோ 365. அதனால் உங்கள் நட்சத்திரப் பிறந்தநாள் அடுத்த ஆண்டு சுமார் 10 நாள் முன்னால் வரும். இப்படியே முன்னால் வந்துகொண்டிருந்தால் பிறந்த தமிழ் மாதத்தைவிட்டே வெளியேறிவிடும். அந்தக் கட்டத்தில் 14-ஆவது சுற்றைக் கணக்கில் எடுப்பார்கள், அப்போது 17 நாள் பின்னால் தள்ளிப்போகும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனுக்குக் கொண்டாடும் ஐப்பசிச் சதய விழாவைப் பாருங்கள். 2023-இல் சதயம் அக்டோபர் 25. 2024-இல் நவம்பர் 10. 2025-இல் நவம்பர் 1. முதலில் 16 நாள் தள்ளிப் போனது, அடுத்து 9 நாள் முன்னே வந்தது. கணக்கில் ஒரு நாள் முன்பின் இருக்கிறதே என்றால், சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைவு, விலகும்போது மெதுவு. அதனால்தான் ஒரு நட்சத்திரம் சில சமயம் 21 மணி நேரத்தில் முடிகிறது, சில சமயம் 27 மணி நேரம் நீள்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த மன்னன் எந்த ஆண்டில் பிறந்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், எந்த நட்சத்திரம் என்பதில் சந்தேகமே இல்லை!

இசையிலும் இதே கதைதான். தியாகராஜர் சித்தியடைந்தது 1847 ஜனவரி 6. திருவையாற்று ஆராதனை அந்தத் தேதியில் நடப்பதில்லை. புஷ்ய பகுள பஞ்சமி என்ற திதியில் நடக்கிறது. 2024-இல் அது ஜனவரி 30, 2025-இல் ஜனவரி 18. ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் போன ஆண்டுத் தேதியை நம்பினால், பந்தல் பிரித்த பிறகோ பந்தக்கால் நட்டபோதோதான் போய் இறங்குவார்கள்.

சரி, உங்கள் நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்க்கிறீர்கள். 'திருவோணம் 38.30' என்று போட்டிருக்கிறது. இதை மணி என்று எடுத்துக்கொண்டுதான் பலர் குழம்புகிறார்கள். அது நாழிகை, விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடம், அதற்குள் 60 விநாடி. இது கடிகார விநாடி இல்லை, ஒவ்வொன்றும் 24 செகண்டு. எண்ணத் தொடங்குவது நள்ளிரவிலிருந்து இல்லை, சூரிய உதயத்திலிருந்து. 38 நாழிகை 30 விநாடி என்றால் முப்பத்தெட்டரை நாழிகை. 24-ஆல் பெருக்கினால் 924 நிமிடம், அதாவது 15 மணி 24 நிமிடம். அன்று உதயம் காலை 6.10 என்றால், இரவு 9.34 வரை திருவோணம். அதன் பிறகு பிறந்த குழந்தைக்கு அவிட்டம். '.30' என்பதை அரை மணி என்று கூட்டினால் 18 நிமிடம் பிசகும். பிரசவ அறையில் 18 நிமிடம் என்பது நட்சத்திரத்தையே மாற்றப் போதும்.

இன்னொரு பிசகு, விடியற்காலைப் பிறப்பு. இங்கிலீஷ் தேதி நள்ளிரவில் மாறும், நம் நாள் உதயத்தில்தான் மாறும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணிக்குப் பிறந்த பிள்ளையை மருத்துவமனையில் செவ்வாய் என்று எழுதுவார்கள். பாட்டி மட்டும் 'திங்கக்கிழமை ராத்திரி, விடிஞ்சா செவ்வாய்' என்பார். அந்த 'விடிஞ்சா'வில் ஒரு துல்லியம் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் திங்கட்கிழமைக்கு உரிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்தால்? டொராண்டோவில் ஜூலை 5 இரவு 8 மணிக்குப் பிறந்த குழந்தைக்குச் சென்னைப் பஞ்சாங்கத்தில் ஜூலை 5 இரவு 8 மணியைப் பார்த்தால் தவறு. அந்த நேரத்தில் சென்னையில் மறுநாள் காலை 5.30. அதைத்தான் பார்க்க வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணித முறைகள் இருப்பதையும் மறக்க வேண்டாம். நட்சத்திரம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு இரண்டும் இரண்டு நட்சத்திரம் சொல்லலாம். முதலில் எதில் குறித்தார்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்வது வீட்டு அமைதிக்கு நல்லது.

ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதைக் கொள்வது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். ஆனிக்குப் பெரும்பாலும் 32 நாள், அதில் இது அடிக்கடி நேரும். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள்தான், அதில் குறைவு. மாதங்கள் இப்படி ஏறி இறங்கக் காரணம் பூமியின் ஓட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் விரைந்து ஓடுகிறது, ஜூலைத் தொடக்கத்தில் தள்ளி நின்று ஆடி அசைந்து போகிறது.

இனி, நட்சத்திரமும் தேதியும் எப்போது சேரும்? 19 வயது நிறையும் நாளில். 19 ஆண்டில் சந்திரன் 254 சுற்று முடிக்கிறது, கிட்டத்தட்ட பிசிறில்லாமல். அந்த 19-இல் 12 முறை பிறந்தநாள் முன்னே வந்திருக்கும், 7 முறை பின்னே போயிருக்கும். நட்சத்திரம் மட்டுமல்ல, திதியும் அன்று திரும்பி வந்து நிற்கும். பிறகு 38, 57, 76 வயதுகளில். ஒரு நாள் முன்பின் ஆகலாம். வீட்டில் யாருக்காவது இந்த வயது நிறைகிறது என்றால் நாள்காட்டியைத் தூக்கிப் பாருங்கள். கிழமை சேர வேண்டுமா, அதற்கு 28, 56, 84. அது வேறு கணக்கு.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களுக்கு நட்சத்திரம் ஒரு பெரிய ஆறுதல், ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடும். மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு ஆண்டு கழித்து வர வேண்டியது வரவில்லை, 1900 லீப் ஆண்டு இல்லை. நூற்றாண்டு முடியும் ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப். ஆக அவருடைய முதல் பிப்ரவரி 29 பிறந்தநாள் 1904-இல், எட்டு வயதில். அதே நாளில் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்! 1977-இல் பிரதமராக இருந்த தேசாய் அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார்.

சர்டிபிகேட் பிறந்தநாள் தனி ரகம். பிறப்புப் பதிவு இல்லாத காலத்தில் பள்ளியில் ஆசிரியர் பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. கை நீளமான பிள்ளைக்கு வயது கூடிவிடும், அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறந்ததால் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அதன் விலை பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். மத்திய அரசு ஊழியர் ஓய்வுபெறும் வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வுபெறுகிறார். ஆனால் 1-ஆம் தேதி பிறந்தவருக்கு அதற்கு முந்தைய மாதக் கடைசி நாள். ஜூன் 1 என்றால் மே 31-இல் மாலை மரியாதை, ஜூன் 2 என்றால் ஜூன் 30 வரை சம்பளம். ஆசிரியர் பேனாவை ஒரு கோடு தள்ளியிருக்கலாம்!

கடைசியாகப் பாட்டு. கேக் வெட்டும்போது பாடுகிறோமே, அந்த மெட்டு அமெரிக்காவின் லூயிவில் நகரில் மில்ட்ரெட் ஹில் அமைத்தது. அவர் தங்கை பேட்டி ஹில் மழலையர் பள்ளி ஆசிரியை. 1893-இல் வெளியானபோது அது காலை வணக்கப் பாட்டு, பிறந்தநாள் வரி பின்னால் ஏறியது. திரைப்படத்தில் பாடினால் பதிப்புரிமைக் கட்டணம் கேட்டார்கள். 2015-இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. 2016-இல் 1.4 கோடி டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது, பாட்டு பொதுச்சொத்தானது.

இவ்வளவு எளிய மெட்டு கூட்டத்தில் ஏன் கிழிகிறது? சங்கராபரணச் சுரங்கள்தான். முதல் வரி ப ப த ப ஸ நி. எல்லாரும் பேசுகிற குரலிலேயே அந்த 'ப'வைப் பிடிக்கிறார்கள். அது மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி 'ப'. பெயர் சொல்லும் மூன்றாம் வரியில், 'பர்த்' என்னும் இடத்தில், மெட்டு ஒரு ஸ்தாயி தாவி மத்திய பஞ்சமத்துக்கு, அதாவது அடுத்த மேல் 'ப'வுக்குப் போகிறது. அங்கேதான் பெரியப்பாக்கள் நின்றுவிடுகிறார்கள், குழந்தைகள் மட்டும் கத்துகிறார்கள். மூன்றாம் வரியின் உச்சத்தை மனத்துக்குள் முதலில் பாடிப் பார்த்து, அங்கிருந்து ஒரு ஸ்தாயி இறங்கி ஆரம்பியுங்கள். தாளத்திலும் ஒரு சிக்கல் உண்டு, இது மூன்று எண்ணிக்கைப் பாட்டு. நாலாகத் தட்டினால் இரண்டாம் வரியிலேயே கை விலகும். முதல் தட்டு 'ஹேப்பி'யில் விழக்கூடாது, 'பர்த்'தில் விழ வேண்டும். நம் வழக்கில் சொன்னால் அதீத எடுப்பு, தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்குவது. 'மீனா', 'பாலு' என்றால் பெயர் மெட்டுக்குள் அடங்கிவிடும். 'வெங்கடசுப்பிரமணியன்' என்றால் வீட்டில் கூப்பிடும் பெயர் எது என்று மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வணக்கம்.