எந்த கிரீம் கேட்டது?

நேயர்களுக்கு வணக்கம். படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கும் வீட்டில் அலமாரியைத் திறந்தால், பாதி தீர்ந்த கிரீம் டியூப்கள் நாலைந்து கிடக்கும். எது கேட்டது என்றால், "எல்லாமே கொஞ்சம் கேட்டுச்சு" என்பார்கள். நர்ஸாக இருந்த நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒருவரை வைத்தே இதை முறையாகச் சோதிக்கலாம். உளவியலில் முன்பே இருந்த இந்த வழியை, 1986இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து கார்டன் கயாட் குழுவினர் மருந்துச் சிகிச்சைக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள்.

டயபரால் பின்பக்கம் சிவந்துபோகும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். புது கிரீமை வாங்கிய அன்றே தடவக் கூடாது. ஐந்தாறு நாள் வழக்கமான கவனிப்பையே தொடர்ந்து, சிவப்பை மட்டும் அளக்க வேண்டும். கட்டம் போட்ட சுத்தமான பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து, சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, கட்டங்களை எண்ணினால் போதும். தினமும் ஒரே நேரத்தில். துடைத்த உடனே அளக்காதீர்கள், தேய்த்த சிவப்பும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அப்புறம் ஐந்தாறு நாள் புது கிரீம். பிறகு அதை நிறுத்திப் பழைய முறை. மறுபடி புது கிரீம். தடவும்போதெல்லாம் கட்டம் குறைந்து, நிறுத்தும்போதெல்லாம் கூடினால் நம்பலாம்.

நிறுத்திப் பார்ப்பதுதான் யாருக்கும் மனசு வராத வேலை. ஒரு வீட்டில் கிரீம் தொடங்கிய அதே வாரம் மகள் லீவில் வந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டயபரைப் பார்த்து மாற்றினார். சிவப்பு மறைந்தது, பெயர் கிரீமுக்குப் போனது. மகள் ஊருக்குக் கிளம்பியதும், அதே கிரீமைத் தடவத் தடவவே சிவப்பு திரும்பி வந்தது.

படுக்கைப் புண்ணுக்கு இந்த வழி சரிவராது. ஆறிய புண், மருந்தை நிறுத்தியதும் திரும்ப வராதே! இரண்டு குதிகாலிலும் ஒரே மாதிரி சிவப்பு என்றால், காசு சுண்டி ஒன்றுக்குப் புது முறை, இன்னொன்றுக்குப் பழையது என்று வைத்து ஒப்பிடலாம். அளப்பவருக்கு எது எதற்கு என்று தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வந்த விடை அந்தப் பாட்டிக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். நடுவில் தோல் உரிந்தாலோ நீர் கசிந்தாலோ நோட்டை மூடிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சோதனை அப்புறம்.